நீவாடு படத்தின் நாற்பத்து நான்காம் நாள்

கடலுக்குப் போனவன் திரும்பவில்லையென்றால் ஒன்பது நாள் தேடுவோம், பத்தாம் நாள் கோயிலில் பூசை வைப்போம், அதற்குப் பிறகு அவனுடைய கட்டுமரத்தைப் பற்றியோ வலையைப் பற்றியோ பேசுவோமே தவிர அவனைப் பற்றிப் பேசமாட்டோம். இன்னாசிபட்டினத்தில் எந்தக் காலத்திலும் அப்படித்தான், லீயோன் மொராயிஸ் விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது, அவன் ஒரு சினிமாப் படத்துக்குள் உயிரோடு இருப்பது தெரியவரும் வரைக்கும்.

எழுபத்தைந்தாம் வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து எங்கள் கடற்கரையில் ஓலைப்பந்தல் போட்டுத் தங்கி, கட்டுமரத்தில் தன்னந்தனியாக அடித்துக்கொண்டு போகப்பட்ட ஒரு மீன்பிடிகாரன் பதினோரு நாள் கடலில் கிடந்து பிழைத்து வருகிற கதையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. கூட்டிவந்திருந்த நடிகர் மரத்தில் ஏறிய அரைமணி நேரத்தில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்துவிட்டு அன்றைக்கே ரயிலேறிவிட்டதால், ஆள் பார்க்க வாட்டசாட்டமாக இருந்த லீயோனைப் பிடித்து நடிக்க வைத்தார்கள். படத்துக்குப் பேர் நீவாடு. கடலுக்குள் ஓடும் நீரோட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் நீவாடு என்று பேர். டைரக்டர் அந்தச் சொல்லில் சொக்கிப் போனார், ஆனால் மதுரைக்கு வடக்கே அது ஒருத்தருக்கும் விளங்காமல், ஏதோ நாட்டுமருந்துக் கடைச் சரக்கு என்று நினைத்துக்கொண்டு யாரும் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அது போகட்டும். கரை சேருகிற காட்சி ஒன்றுதான் பாக்கி என்ற நாளில், கேமரா வைத்திருந்த வள்ளத்துக்கும் லீயோனுடைய மரத்துக்கும் நடுவே கட்டியிருந்த கயிறு நழுவியது, நீவாடு அன்றைக்கு வெறிபிடித்த மாதிரி தெற்கே இழுத்தது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகி இல்லாமல் போனான். டைரக்டர் மூன்று நாள் அழுதார், பிறகு இருந்ததை வைத்து ஒட்டி, பதினோராம் நாள் லீயோன் மரத்தில் படுத்திருப்பதோடு வணக்கம் போட்டு முடித்துவிட்டார். ஆகவே பிழைத்து வருகிற கதையில் பிழைத்து வருவது மட்டும் கிடையாது.

லீயோனுக்குக் கலியாணமாகி அப்போது இரண்டு வருஷம், பெண்டாட்டி கித்தேரிக்கு வயது இருபத்து நாலு. லீயோனோடு ஒரே மரத்தில் போய்வந்துகொண்டிருந்த கூட்டாளி மிக்கேல் கர்டோசா. ஒருவன் மரத்தின் முன்முனையில், முன்னணியத்தில் நின்றால் மற்றவன் பின்னணியத்தில் நிற்பான், இருவரும் ஒரே பீடியைப் பாதி பாதி இழுப்பார்கள். லீயோன் போனபிறகு மிக்கேல் கடலில் கால் நனைக்கவில்லை. எங்கள் ஊர் ஸ்டெல்லா டாக்கீஸில் ஆபரேட்டராகச் சேர்ந்து, மூன்றாம் வருஷம் கித்தேரியைக் கட்டிக்கொண்டான். தனியாய் நின்றவளைக் கரையேற்றினான் என்று ஊரே அவனை மெச்சியது. பிறந்த பையன்கள் இருவரும் இன்றைக்குக் கப்பலில் இருக்கிறார்கள். நான் தொபியாஸ், அந்தக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவன், இடைவேளையில் சோடா விற்பவன், மிக்கேலை அண்ணன் என்றும் கித்தேரியை மதினி என்றும் கூப்பிட்டு வளர்ந்தவன். லீயோனைப் பற்றிச் சொல்லும்போதுதான் குழப்பம். என்னைவிடப் பெரியவன், ஆனால் இப்போது என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவன், எந்த மரியாதையில் நிறுத்துவது என்று தெரியாததால் அவன் என்றே சொல்லிவிடுகிறேன்.

புதுப்படம் வருவது நின்று பத்து வருஷமாகிக் கொட்டகை சும்மா கிடந்த காலத்தில், மதுரையில் ஒரு பழைய பட விநியோகக் கிட்டங்கியை இடித்தபோது கிடைத்த பெட்டிகளை எவரோ ஒரு புண்ணியவான், மேலே எழுதியிருந்த ஊர்ப்பேரைப் பார்த்து, ஆபரேட்டர், ஸ்டெல்லா டாக்கீஸ் என்று விலாசம் போட்டுப் பார்சல் லாரியில் ஏற்றிவிட்டார். நீவாடு படத்தின் பிரதி உலகத்திலேயே அது ஒன்றுதான் மிச்சம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மிக்கேல் அண்ணன் ஒரு மாதம் பெட்டியைத் திறக்கவேயில்லை. ஊர் விடவில்லை, எங்கள் பிள்ளை நடித்த படத்தை நாங்கள் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை என்று பிடித்துக்கொண்டது, கடைசியில் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை பூசை கலைந்ததும் பதினோரு மணிக்குப் படத்தை ஓட்டினார்.

படத்தில் லீயோன் ஒவ்வொரு நாள் விடியும்போதும் மரத்தில் கத்தியால் ஒரு கோடு கீறுவான். பதினோரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் அன்றைக்குப் பன்னிரண்டு கோடு இருந்தது. மிக்கேல் அண்ணன் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதின்மூன்று இருந்தது, அதற்கடுத்த ஞாயிறு பதினான்கு, முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் செபமாலை மணியை எண்ணிப் பழகிய விரலால் எண்ணி ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். ஒருதரம் ஓட்டினால் அவனுக்கு ஒரு நாள் கழிகிறது, ஓட்டாவிட்டால் கழிவதில்லை, அவ்வளவுதான். கடைசிச் சுருள் பெட்டிக்குள் கிடந்தபடியே வாரத்துக்கு வாரம் நகம் வளர்கிற மாதிரி வளர்ந்தது. பழைய பகுதியெல்லாம் மழை பெய்கிற மாதிரி கீறல் விழுந்து கிடக்க, புதுப்பகுதி துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது, அதில் பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை, இசையமைத்தவர் எப்போதோ செத்துவிட்டார், மரத்தின் அடியில் தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. லீயோன் அதில் ஒரு வார்த்தையும் பேசவில்லை, பேச யார் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொண்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடுத்த எடுப்பில் எல்லாரும் செய்தது, தண்ணீர் நிறத்தையும் மேகத்தையும் பறவையையும் பார்த்து அவன் எங்கே கிடக்கிறான் என்று சண்டை போட்டதுதான். இது மன்னார்க்குடா தண்ணியில்லை, இவ்வளவு கறுப்பு தெற்கேதான் கிடைக்கும் என்று ஒரு கட்சி. அந்தப் பறவை கரையிலிருந்து எட்டு பாகம் ஆழத்துக்கு மேல் வராது என்று இன்னொரு கட்சி. கடைசியில் கோயில் சுவரில் கரியால் கடலை வரைந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு புள்ளி வைத்தார்கள். பங்குச்சாமியாருக்கு வேறு கவலை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் இறந்தவர்கள் பேரை வாசிக்கும்போது நாற்பது வருஷமாக வாசித்துவந்த லீயோன் பேரை வாசிப்பதா விடுவதா என்று தெரியாமல், அவர் அதைப் பென்சிலால் அடித்து வைத்தார், பேனாவால் அடிக்கவில்லை. முதல் புருஷன் இருக்கும்போது இரண்டாவது கலியாணம் செல்லுமா என்று எவனோ ஒரு வேலையற்றவன் ஆயர் இல்லத்துக்கு எழுதிப் போட, படத்துக்குள் இருப்பவர்களைக் குறித்துத் திருச்சபைச் சட்டத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்று அங்கிருந்து மிக மரியாதையாகப் பதில் வந்தது. பத்தொன்பதாம் நாள் படத்தில் மழை பெய்தது. லீயோன் வாயைத் திறந்து மல்லாந்து படுத்திருந்தான், கொட்டகையில் இருந்த முந்நூறு பேரும் நாங்களே குடிக்கிற மாதிரி எச்சில் விழுங்கினோம், அதற்குப்பிறகு ஐந்து ஞாயிறு மழை இல்லை. அந்த ஐந்து வாரமும் ஊரில் எவனும் ஓரிடத்தில் நிம்மதியாக உட்காரவில்லை. வலை பொத்துகிறவன் பொத்துவதைப் போட்டுவிட்டுப் போய்க் கடலைப் பார்ப்பான், பெண்கள் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுத் தெருவில் நிற்பார்கள், ஊரே முள்மேல் நின்றது.

கித்தேரி மதினி மட்டும் கொட்டகைக்கு வரவேயில்லை. யார் கூப்பிட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்து மிக்கேல் அண்ணன் வீட்டுக்குப் போனதும் சோற்றைப் போட்டுவிட்டு, இன்றைக்கு எத்தனை என்று கேட்பாள், அவர் பதினெட்டு என்றோ இருபத்து மூன்று என்றோ எண்ணைச் சொல்வார், அதற்குமேல் இருவரும் அடுத்த ஞாயிறுவரை அதைப்பற்றிப் பேசுவதில்லை.

பிறகு சேகரிப்பாளர்கள் வந்தார்கள். பழைய படச்சுருளுக்குச் சேகரிப்பாளர் என்று ஒரு சாதி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தகரப்பெட்டியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள், புளிப்பு வாடை வருகிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், சோடா குடிக்கமாட்டார்கள், ஏப்பம் வந்தால் வசனம் விட்டுப்போகும் என்று. யாரும் பார்க்காத படம், ஓடாத படம், முடிவில்லாத படம், நிஜமாகவே ஆள் தொலைந்துபோன படம் என்று அவர்களுக்கு நீவாடு பலாச்சுளை மாதிரி இனித்தது. ஆனால் ஒருவர் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு படம் நூற்றுப் பன்னிரண்டு நிமிஷம் என்று எழுதுவார், அடுத்த வாரம் வந்தவர் நூற்றுப் பதினாறு என்பார், மூன்றாமவர் இருவருமே பொய்யர்கள் என்று சத்தியம் செய்வார். அசல் எது என்று அவர்களுக்குள் கைகலப்பே நடந்து, அண்ணன்தான் திருட்டுத்தனமாக ஒட்டுப்போடுகிறார் என்று ஒருவர் குற்றம்சாட்டிவிட்டு ஊரைவிட்டுப் போனார். தங்கியவர் ஒருவர்தான், மாயவரத்துக்காரர், ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர், குஞ்சிதபாதம் என்று பேர். அவர் சேர்ப்பது எல்லாமே பிழைத்து வருகிற படம்தான், பனியில் புதைந்தவன், பாலைவனத்தில் வழி தவறியவன், சுரங்கம் மூடிக்கொண்டவன் என்று உலகத்துப் பாஷையிலெல்லாம் முந்நூறு படம் வீட்டில் குளிரூட்டிய அறையில் வைத்திருந்தார். அவரோ காவிரியில் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை. எதற்கு இந்த வேலை என்று ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்.

"எல்லாத்துலயும் கடைசியில வீட்டுக்கு வந்துடுவான் சார், அது தெரிஞ்சு நிம்மதியா உக்காந்து பார்ப்பேன்," என்றார். "இதுல ஒண்ணுலதான் தெரியலை. இருபது வாரமா ராத்திரி தூங்கலை. இனிமே மத்த முந்நூறையும் என்னால பார்க்க முடியாது."

அவர்தான் முதலில் கவனித்தவர், படம் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று. பல்சக்கரத்தில் மாட்டுகிற ஓரத்துளைகள் கிழிய ஆரம்பித்துவிட்டன, புதுப்பகுதிக்குப் போவதற்கு முன்னால் பழைய பகுதியெல்லாம் ஓடித்தானே ஆகவேண்டும், இன்னும் நாலைந்து தடவை தாங்கினால் பெரிது என்றார். ஒருநாள் நான் சோடா கொடுக்க ஆபரேட்டர் அறைக்கு ஏறியபோது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகள் அண்ணன் பேருக்கு வந்தவை என்பதால் கொட்டகை முதலாளியும் அவர் இஷ்டம் என்று விட்டுவிட்டார். என்னிடம் கொடுங்கள், நான் ஓட்டமாட்டேன், பத்திரமாகக் குளிரில் வைப்பேன், நூறு வருஷம் இருக்கும் என்று குஞ்சிதபாதம் கெஞ்சினார்.

அண்ணன் ஜன்னல் வழியாக வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அங்க அவனுக்கு ஒரு கொறையும் வராதுல்லா?"

"ஒரு நாள்கூட கூடாது, ஒரு நாள்கூட குறையாது."

அண்ணன் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் அப்படியொரு ஆசையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சாகவும் வேண்டாம், வரவும் வேண்டாம், இருந்த இடத்தில் இரு. கூடப்பிறந்த மாதிரி இருந்த கூட்டாளிக்கு மனிதன் இப்படி நினைப்பானா என்று கேட்காதீர்கள், நாற்பது வருஷம் ஒருத்தியோடு குடும்பம் நடத்திவிட்டு, அவளுடைய முதல் புருஷனை வாரத்துக்கு ஒருநாள் தன் கையாலேயே கரைக்கு இழுத்துக்கொண்டு வருகிறவனுக்குத்தான் அது தெரியும்.

முப்பதாவது ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு நாற்பத்தோராம் நாள், லீயோன் கரையைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம், எங்கள் கரைதான், இன்றைக்கு இருக்கிற கரை, புகைபோக்கி இரண்டு, காற்றாலை ஏழெட்டு, புதுக்கோயில் கோபுரம். கொட்டகையே எழுந்து நின்றது. லீயோன் நெற்றியில் கைவைத்துப் பார்த்தான், சிரித்தான், பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது, துடுப்பை எடுத்து மரத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போக ஆரம்பித்தான். அவனுடைய ஊரில் புகைபோக்கி கிடையாது. அவன் ஊர்க் கோயிலின் மணிக்கூண்டு விரிசல் விட்டுத் தொண்ணூற்றொன்றில் இடித்து, புதுக்கோயிலை இருநூறு அடி வடக்கே கட்டி, பழைய இடத்தைச் செல்போன் கோபுரத்துக்குக் குத்தகைக்கு விட்டவர்கள் நாங்கள்தான்.

அடுத்த வாரம் படம் ஓடுகிற நேரத்தில் திருவிழா வெடி மிச்சத்தையெல்லாம் கடற்கரையில் வைத்து வெடித்து அவனைக் கூப்பிட்டுப் பார்த்தோம். அவன் எந்த நாட்டு நேவியோ சுடுகிறது என்று பயந்து இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டான். எங்கள் புத்தியை எதால் அடிக்க. அதற்கடுத்த வாரம், நாற்பத்து மூன்றாம் நாள், கரை அவனுக்குப் பின்னால் ஒரு நூலாகத் தெரிந்தது, அவன் மரத்தில் குந்தியிருந்து அழுதான்.

அப்போதுதான் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. கரையில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு அடையாளத்தைக் கண்ணால் ஒரே கோட்டில் நிறுத்திப் பார்த்தால், தான் நிற்பது எங்கே, பாறையில் மோதாமல் எந்த இடைவெளியில் நுழைந்து கரைக்கு வருவது என்று கடலில் நிற்பவனுக்குத் தெரியும். அதற்குக் கணியம் என்று பேர். ஆளுக்கு ஆள் கணியம் வேறு. ஒரே மரத்தில் போகிற கூட்டாளியைத் தவிர அப்பனுக்கும் மகனுக்கும்கூடச் சொல்வதில்லை, மற்றவன் கேட்கவும் கூடாது, அடுத்தவன் கணியத்தைக் கேட்பது அவன் அடுக்களைக்குள் நுழைந்து சட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி. லீயோனுடைய கணியம் தெரிந்த ஒரே ஆள் ஆபரேட்டர் அறையில் சுருளைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். முந்நூறு பேர் திரும்பி அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்தோம். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. மரியாதைக்குப் பேர்போன ஊர் இது, ஒருவன் உயிர் போனாலும் கேட்கக்கூடாததைக் கேட்கமாட்டோம். அண்ணன் அன்று மாலை குஞ்சிதபாதத்திடம், புதன்கிழமை வேன் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை மதினி பின்னால் என்னிடம் சொன்னாள். மத்தியானச் சோற்றில் அண்ணன் கைவைக்கவில்லை. முந்தி நம்ம குடிசைக்கு முன்னால் துணி காயப்போடுகிற உயரக் கம்பு ஒன்று இருந்ததே, அது எங்கே என்று கேட்டார். கோழிக்கூட்டுக்குச் சட்டமாக அறுத்தது நீதானே என்று அவள் சொன்னாள். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் கம்புதான் லீயோனுக்கு முன்னடையாளம், பழைய மணிக்கூண்டு பின்னடையாளம், நீ வெள்ளைச் சேலை காயப்போட்டிருந்தால் ஆறு பாகத்தில் நிற்கும்போதே எங்களுக்குத் தெரியும் என்றார்.

அவன் போனபிறகு மூன்று வருஷம், வெயிலானாலும் மழையானாலும், அவள் அந்தக் கம்பில்தான் துணி போட்டிருக்கிறாள், ஏன் என்றுகூடத் தெரியாமல். இவரைக் கட்டிக்கொண்ட மறுவாரம், தெருவில் போகிறவன் பார்ப்பான், துணியைப் பின்னால் போடு என்று இவர்தான் கம்பை இறக்கினார்.

"தெரிஞ்சா இறக்குன?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுதான். அவன் செத்துட்டான்னுதான் நெனச்சேன் கித்தேரி. ஆனா அந்தக் கம்பு நிக்கமுட்டும் அப்பிடி நெனைக்க முடியல."

அவள் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை, அழவுமில்லை. எழுந்து போய்ப் பெட்டியிலிருந்த வெள்ளைப் படுக்கைவிரிப்பை எடுத்து, சவுக்காரம் போட்டு, கல்லில் அடித்து அடித்துத் துவைத்தாளாம். அந்தச் சத்தம் தாங்காமல் அண்ணன் வெளியே போய்விட்டார். புதன்கிழமை காலைப் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது அவர் கோயில் படியில் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே, தன் கூட்டாளியின் கணியத்தை ஊருக்கு முன்னால் சொன்னார். கம்பை இறக்கியதையும் சொன்னார். ஊர் அப்படியே கலைந்து போய்ச் சவுக்குக் கம்பு தேட ஆரம்பித்தது.

வேனோடு வந்த குஞ்சிதபாதம், பழைய மணிக்கூண்டு இருந்த இடத்துச் செல்போன் கோபுரத்தில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு பழைய வெள்ளைப் பாய்த்துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துவிட்டு, என்ன என்று என்னிடம் விசாரித்தார். சொன்னேன். அவர் வேனின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வந்துட்டான்னா இதுவும் மத்த படம் மாதிரி ஆயிடுமே சார்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு வேனை அனுப்பிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆபரேட்டர் அறைக்கு ஏறினார். வியாழன் காலையிலிருந்து சனி மாலைவரை, கிழிந்த ஓரத்துளை ஒவ்வொன்றுக்கும் தன் கையால் ஒட்டுப்போட்டார். பதினாலு சுருள், எத்தனை ஆயிரம் துளை என்று அவருக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்துக் கிடந்தது. ஊர் முழுக்கக் கொட்டகைக்குள் இருந்தது, மதினி மட்டும் கடற்கரையில், வெள்ளை விரிப்பு கட்டிய கம்பின் அடியில், அது காற்றில் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு யார் பிடிக்கிறேன் என்று சொல்லியும் அவள் விடவில்லை. படம் ஓடியது. பழைய பதினோரு நாள் ஓடியது, மழை நாள் ஓடியது, மழையில்லாத நாட்கள் ஓடின, ஒட்டுப்போட்ட இடத்திலெல்லாம் படம் ஒரு குதி குதித்தது, குதிக்கும்போதெல்லாம் எங்கள் நெஞ்சு நின்று நின்று ஓடியது. நாற்பத்து நான்காம் நாள் விடிந்தது. லீயோன் கோடு கீறினான், கத்தியைச் செருகினான், எழுந்து நின்றான், கரைப்பக்கம் பார்க்காமலே திரும்பிக்கொண்டான், பிறகு என்ன தோன்றியதோ இன்னொருதரம் பார்த்தான். தூரத்தில் ஒரு வெள்ளை. அதற்குப் பின்னால் உயரத்தில் இன்னொரு வெள்ளை, கொஞ்சம் விலகி. அவன் மரத்தை மெல்ல வடக்கே தள்ளினான், தள்ளத் தள்ள இரண்டு வெள்ளையும் நெருங்கின, ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே கோடாக நின்றன. அவன் கும்பிடவில்லை, கத்தவில்லை. வேலைக்குப் போய்விட்டு வருகிறவன் மாதிரி துடுப்பைப் போட்டுப் பாறை இடைவெளிக்குள் நுழைந்தான்.

மரம் மணலில் ஏறியது. லீயோன் இறங்கினான், கால் மடங்கி விழுந்தான், எழுந்து கம்பை நோக்கி நடந்தான். கம்பின் அடியில் அறுபத்தேழு வயசுக் கிழவி ஒருத்தி நின்றாள். இருபத்தொன்பது வயது லீயோன் அவள் முன்னால் வந்து நின்று, நாற்பத்து நாலு நாள் பேசாத வாயைத் திறந்தான்.

"மாமி, கித்தேரி எங்க?"

பெண்டாட்டியைத் தன் மாமியார் என்று நினைத்துவிட்டான். மதினி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள், அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"படம் பாக்கப் போயிருக்கா," என்றாள். "வந்துருவா."

அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரையின் ஓரத்துக்கு நடந்து, திரையைவிட்டு வெளியே போனான். மதினி மணலில் உட்கார்ந்தாள். சுருள் தீர்ந்து, வால் சடசடவென்று அடித்துக்கொள்ள, திரை வெறும் வெள்ளையானது.

ஊர் பின்வாசல் வழியாகக் கடற்கரைக்கு ஓடியது, அதுதான் கிட்ட. குஞ்சிதபாதமும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். கவிழ்ந்த பெஞ்சுகளை நிமிர்த்த நான் ஒருவன்தான் நின்றேன், அப்போது முன்வாசலில் நிழல் தட்டியது. தலையிலும் தாடியிலும் உப்புப் பூத்து, இடுப்புத்துணியிலிருந்து தண்ணீர் சொட்ட, அவன் நின்றுகொண்டிருந்தான்.

"படம் முடிஞ்சிட்டா?" என்று கேட்டான்.

ஆபரேட்டர் அறைப் படியில் மிக்கேல் அண்ணன் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார், கடைசிப் படியில் நின்றுவிட்டார். லீயோன் அவரைப் பார்த்து, பெரியவரே, என் வீட்டுக்காரி இங்கே வந்தாளாம், பார்த்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டான். இப்போதுதான் வீட்டுக்குப் போனாள் என்று சொல்லிவிடக் கூடாதா, அதற்குள் யாராவது வந்துவிடமாட்டார்களா என்று நான் எல்லாப் புனிதரையும் வேண்டினேன்.

"கம்புக்கிட்ட நின்னாள்ல ஒருத்தி, அவதான் கித்தேரி," என்றார் அண்ணன். "நான் மிக்கேலு. நாப்பத்து மூணு வருசம் ஆயிட்டு. அவள நான் கெட்டியிருக்கேன். ஒன் கணியத்த இறக்குனதும் நாந்தான்."

லீயோன் அவரையே பார்த்தான். கரையைப் பார்த்த மாதிரியே பார்த்தான், நரைத்த தலையிலிருந்து வீங்கின முட்டிவரை, இது எந்த ஊர் என்று தேடுகிற கண்ணோடு, ரொம்ப நேரம் பார்த்தான். வெள்ளைத் திரை வெளிச்சத்தில் அவன் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது எனக்குத் தெரிந்தது. வடக்கே இருநூறு அடியில் கோயில் கட்டினோம், வெடி வெடித்தோம், கோபுரத்துக்குத் துணி சுற்றினோம், பெண்டாட்டி கம்பைப் பிடித்தாள், நான் பெஞ்சை நிமிர்த்தினேன், ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

"மொதல்ல தண்ணி தாலே," என்றான் லீயோன்.

சோடாப் பெட்டிக்கு நான்தான் பாய்ந்தேன். மிக்கேல் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு, முட்டிவலிக்காரர், கொட்டகைக் கிணற்றுக்கு அவரே ஓடினார்.